கல்மணியும் கடைமணியும்

அரண்மனை! அச்சொல்லைக் கேட்டதும் கண்முன் எழுவன எவை? வானை முட்டும் மாடம், வழுக்கும் பளிங்குத் தரை, வரிசை வரிசையாய்த் தூண்கள், வாளேந்திய காவலர். மாடத்தின் அழகைப் பாடிய புலவர் பலர். தூணின் நுட்பத்தை எழுதிய அறிஞரும் பலர். ஆனால், உள்ளே இருப்பவன் ஆள்பவன், வெளியே நிற்பவன் ஆளப்படுபவன், இருவர்க்கும் நடுவே இருப்பது ஒரு வாயில் என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. மாளிகையின் உயரத்தை அளக்க முழக்கோல் போதும். அதன் பெருமையை அளக்க அவ்வாயிலண்டை சென்று நிற்க வேண்டும் என்பது நம் துணிபு.

இரண்டு மாளிகைகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறோம். ஒன்று தில்லியில் ரைசினாக் குன்றின்மீது நிற்கும் குடியரசுத் தலைவர் மாளிகை. மற்றொன்று, காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரில் ஒரு காலத்தில் நின்ற சோழன் கோயில். முன்னதைக் கண்ணாற் காணலாம். பின்னதை ஏட்டில்தான் காணலாம். இரண்டிற்கும் பொதுவாக ஒன்று உண்டு, அது மணி. அந்த மணிகளின் கதைதான் இக்கட்டுரை.

மறைந்த மாளிகை

1991 வரை தஞ்சை மாவட்டத்திலும், பின் நாகை மாவட்டத்திலும், 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்திலுமாக இருந்துவரும் பூம்புகாருக்குச் சென்று, “சோழன் அரண்மனை எங்கே?” என்று கேட்டால், கடலைத்தான் காட்டுவர். 1960-களில் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தனர். கீழையூரில் செங்கல்லாற் கட்டிய படகுத்துறை கிடைத்தது. வானகிரியில் நீர்த்தேக்கம் கிடைத்தது. பல்லவனேச்சுரத்தில் புத்த விகாரம் கிடைத்தது. அரண்மனை மட்டும் கிடைக்கவில்லை! வணிகனும் படகோட்டியும் பயன்படுத்திய துறை எஞ்சிற்று. ஊருக்கு நீர் தந்த தேக்கம் எஞ்சிற்று. ஓதி உணர்ந்தோர் தங்கிய விகாரம் எஞ்சிற்று. மன்னவன் மாளிகையின் ஒரு செங்கல்லைக்கூட இதுதான் என்று சுட்ட முடியவில்லை. வரலாறு சில வேளைகளில் வாய் திறவாமலே பாடம் சொல்கிறது.

இந்திர விழாவை மன்னன் மறந்தான், அதனால் தெய்வம் சினந்தது, கடல் பொங்கி ஊரை விழுங்கிற்று என்று மணிமேகலை கூறும். விழா எடுக்காததற்காக ஊரையே அழிக்கும் தெய்வம் எத்தகைய தெய்வம் என்று நாம் கேட்கலாம். கடலரிப்பும், காவிரி முகத்துவாரத்தின் மாற்றமும், மண் படிதலும் ஒரு துறைமுகத்தை அழிக்கப் போதிய காரணங்கள். அவற்றுக்கு விழாவும் தெரியாது, வேந்தனும் தெரியாது.

ஆயினும் அதே காப்பியங்கள் அம்மாளிகையின் கலையைப் பற்றிச் சொல்லும் செய்தி புறந்தள்ளத்தக்கதன்று. புகாரைச் சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறது. இரண்டிற்கும் இடையே மரச்செறிவில் அமைந்த கடைத்தெரு நாளங்காடி. யவனரும் பரதவரும் நெய்வோரும் கொல்லரும் தச்சரும் வாழ்ந்தது மருவூர்ப்பாக்கம். அரச வீதி இருந்தது பட்டினப்பாக்கம். கரிகாலன் வடக்கே சென்று மீண்டபோது வச்சிர நாட்டு வேந்தன் முத்துப்பந்தர் தந்தான். மகத வேந்தன் பட்டிமண்டபம் தந்தான். அவந்தி வேந்தன் தோரண வாயில் தந்தான் என்று அக்காப்பியம் பேசும். அவை மயன் என்னும் தெய்வத் தச்சனின் கைவண்ணம் என்றும் புனைந்துரைக்கும். அயலார் தந்த பரிசிலால் அரசிருக்கையை அணி செய்யும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இது சான்று.

மணிமேகலையோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மன்னன் வீற்றிருந்த பொழில் மண்டபத்தைக் கட்டியவர் யார் என்பதைச் சாத்தனார் சொல்கிறார். மகத நாட்டுக் கைவினைஞர், மராட்ட நாட்டுக் கம்மியர், அவந்தி நாட்டுக் கொல்லர், யவன நாட்டுத் தச்சர் ஆகியோர் தமிழ்நாட்டு வினைஞரோடு கூடிச் செய்தனராம். இங்கே மயன் இல்லை. உளியும் சுத்தியலும் பிடித்த மனிதர் இருக்கின்றனர். வகுப்பறையில் வரலாறு நடத்தும் நாம் கட்டுவித்தவன் பெயரையும் ஆண்டையும் உருப்போடச் செய்கிறோம். கட்டியவன் யார் என்று பிள்ளைகள் கேட்டால் விடையின்றி நிற்கிறோம். சாத்தனார் அந்த விடையில் ஒரு பகுதியையாவது எழுதிவைத்தார். பல நாட்டுத் தொழிலாளர் ஒருங்குகூடி உழைத்ததைக் கலையின் பெருமையாகக் கருதிய மனம் அது.

நிற்கும் மாளிகை

இனித் தில்லிக்குச் செல்வோம். 1911 திசம்பர் 12 அன்று, தில்லியில் கூட்டிய தர்பாரில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். மன்னர் வாய் திறந்தார். மக்களின் ஊர்கள் இடம்பெயர்ந்தன. ரைசினா, மால்ச்சா முதலிய சிற்றூர்களின் நிலம் 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்டது. உழவன் ஏர் ஓட்டிய குன்றுப்புறத்தில் வைசிராய்க்கு வீடு எழுந்தது.

அதை வரைந்தவர் எட்வின் லட்யன்ஸ் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர். இந்தியக் கட்டடக் கலையை அவர் மதித்தவர் அல்லர். ஆயினும் இந்தியக் கூறுகள் இடம்பெற வேண்டுமென வைசிராய் ஹார்டிங்கு வற்புறுத்தினார். அதன் பயனாக, நடுவேயுள்ள பெருங்கவிகை சாஞ்சித் தூபியை நினைவூட்டுகிறது. அதன் கீழ்ச்சுற்றில் தூபியின் சுற்றுவேலி போன்ற வேலைப்பாடு ஓடுகிறது. நிழல் தரும் கல் இறவாரங்களும், காற்று நுழையும் கற்சல்லடைகளும், கல் யானைகளும் ஆங்காங்கே அமைந்தன. ஏறத்தாழ 70 கோடிச் செங்கல்லும் 30 இலட்சம் கன அடிக் கல்லும் செலவாயின. அறைகள் 340. 1929-இல் வேலை முடிந்தது; இர்வின் பிரபு முதலிற் குடியேறினார். 1931 பிப்ரவரியில் புதுதில்லித் தொடக்க விழா நடந்தது.

தோட்டத்தைப் பராமரிக்க 418 பேர் இருந்தனர் என்றும், அவர்களில் 50 பேர் பறவை விரட்டுவதற்கென்றே அமர்த்தப்பட்ட சிறுவர் என்றும் அக்கால வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். காவிரிக் கரையில் பறவையோட்டும் சிறுவன் நெல்லைக் காக்கிறான். அங்கோ, வைசிராயின் பூவைக் காக்கச் சிறுவர் கூட்டம்!

அக்கட்டடத்தின் அமைப்பில் ஒரு விந்தை உண்டு. மாளிகைக்கு முன்னே இருபுறமும் நிற்கும் தலைமைச் செயலகக் கட்டடங்களை வரைந்தவர் ஹெர்பர்ட் பேக்கர். அவ்விரண்டிற்கும் நடுவே ஏறும் சாலையின் சரிவு குறித்து அவருக்கும் லட்யன்சுக்கும் பெரும் பூசல் மூண்டது. முடிவில் சரிவு செங்குத்தாகவே நின்றுவிட்டது. அதனால், தொலைவில் நின்று பார்ப்பவனுக்கு மாளிகை தெரிகிறது. நெருங்கி வர வர அது மண்மேட்டின்பின் மறைகிறது. மேடேறிய பின்பே மீண்டும் தோன்றுகிறது. ஆள்வோரின் இல்லம் குடிமகனுக்கு எப்படித் தோன்றும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உவமையை எந்தக் கவிஞன் படைக்க முடியும்?

ஒலிக்காத மணி

மாளிகையின் தூண்களுக்கு வருவோம். அவற்றுக்காகவே லட்யன்ஸ் புதியதொரு தூண் வகையை வகுத்தார். ‘தில்லி முறை’ என்று அதற்குப் பெயர். தூணின் தலைப்பகுதியில், மூலைக்கொன்றாகச் சிறு மணிகள் கல்லிலே செதுக்கப்பட்டுத் தொங்குகின்றன. கன்னட நாட்டு மூடபித்திரியிலுள்ள சமணக் கோயில் தூண்கள் இதற்குத் தூண்டுதல் என்பர். அம்மணிகளைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. மணி ஒலித்தால் அரச குலம் வீழும் என்பது ஒரு பழைய நம்பிக்கை. கல்லிலே செய்த மணி ஒருபோதும் ஒலிக்காது. ஆகவே அந்த ஆட்சியும் ஒருபோதும் வீழாது!

அடடா, என்ன அறிவு! மணியைக் கல்லாக்கிவிட்டால் மக்களின் குரலும் கல்லாகிவிடும் என்று எண்ணினர் போலும். மூடநம்பிக்கை குடிசையில் மட்டும் குடியிருப்பதில்லை. கோபுரம் போன்ற மாளிகையிலும் அதற்குத் தனியறை உண்டு. 1931-இல் விழா நடந்தது. 1947-இல் யூனியன் கொடி இறங்கியது. கல்மணி காத்த ஆட்சிக்குக் கிடைத்த வாழ்வு 16 ஆண்டுகளே! விழா நடந்த அதே பிப்ரவரியில், இடையில் ஒரு துண்டுடுத்திய காந்தியார் அம்மாளிகையின் படியேறிச் சென்று இர்வினோடு பேச்சு நடத்தினார். உப்புக் காய்ச்சியதற்காகச் சிறைப்பட்டவர் மன்னரின் பேராளரோடு எதிரெதிரே அமர்ந்தார். கல்மணி ஒலிக்கவில்லைதான். ஆனால் மணி அடித்தாயிற்று.

ஒலித்த மணி

இப்போது புகாரின் மணியைக் கேட்போம். கோவலனை இழந்த கண்ணகி மதுரை அரண்மனையுள் நின்று, “நீ யார்?” என்ற பாண்டியனின் வினாவுக்கு விடை சொல்கிறாள். தன் ஊரைச் சொல்லுமுன், அவ்வூரில் ஆண்ட மன்னன் ஒருவனைச் சொல்கிறாள். அரண்மனைக் கடைவாயிலில் கட்டிய மணி நடுங்கி ஒலித்தது; ஒலிப்பித்தது கன்றை இழந்த ஒரு பசு; அதன் கண்ணீர் மன்னன் நெஞ்சைச் சுட்டது; தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். அந்தப் புகார்தான் என் ஊர் என்கிறாள். பின்னாளில் பெரிய புராணம் இக்கதையைத் திருவாரூரில் நிகழ்ந்ததாகக் கூறியது. இளங்கோவின் ஏட்டில் அது புகாரின் கதை.

பசு கயிற்றை இழுத்து மணி அடிக்குமா? மகனைக் கொல்வதுதான் அறமா? பகுத்தறிவு படைத்த இளைஞர் இக்கேள்விகளைக் கேட்பர்; கேட்கவும் வேண்டும். தந்தையின் புகழுக்காக மகனைப் பலியிடும் நீதியை நாம் ஏற்பதற்கில்லை. கதையை வரலாறு என்று சாதிக்கவும் நாம் முன்வரவில்லை. ஆனால் கதையைப் படைத்த மக்கள் எதை விரும்பினர் என்பது வரலாறு. பேச வாயில்லாத உயிரும் இழுக்கக்கூடிய உயரத்தில் மணியின் கயிறு தொங்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினர். மணி ஒலித்தால் உள்ளே இருப்பவன் வெளியே வரவேண்டும் என்று விரும்பினர். குற்றவாளி தன் சொந்த மகனாயினும் மன்னன் சட்டத்தை வளைக்கலாகாது என்று விரும்பினர்.

அதே புகாரின் ஐந்து மன்றங்களுள் பாவை மன்றம் என ஒன்று சொல்லப்படுகிறது. அரசனின் கோல் வளைந்தாலும், அறங்கூறும் அவையில் நூலின் பொருளை ஒரு பக்கம் சாய்த்தாலும், அங்குள்ள பாவை வாய் பேசாது கண்ணீர் சொரியுமாம். கல் அழாது என்பது நாமறிந்ததே. ஆனால் அரண்மனைக் கலைக்கு அம்மக்கள் இட்ட வேலையைக் கவனியுங்கள். புகாரின் கற்பனையில் கல்லும் ஆட்சியின் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கிறது. தில்லியின் கற்பனையில் மணியும் ஆட்சியைக் காக்க ஊமையாகிறது. கற்பனை இரண்டும் பொய்தான். எந்தப் பொய்யில் மக்களுக்கு இடம் இருக்கிறது என்பதே வேறுபாடு.

மணிமேகலையை மீண்டும் நினைவுகூர்வோம். கணிகையர் குலத்தவள் என்று உலகம் ஒதுக்கிய மாதவியின் மகள் அவள். சிறைக்கோட்டத்துள் புகுந்து கைதிகளின் பசி தீர்த்தாள். செய்தி எட்டியதும் மன்னன் அவளை அந்தப் பவளத்தூண் மண்டபத்துக்கு அழைத்தான். வேண்டுவது யாது என்றான். பொன் கேட்டாளா? பொருள் கேட்டாளா? சிறையை இடித்து அதை அறக்கோட்டம் ஆக்கு என்றாள். அவனும் ஆக்கினான். அள்ளக் குறையாத பாத்திரத்தை நாம் நம்ப வேண்டியதில்லை. பல நாட்டுக் கைவினைஞர் கட்டிய அம்மண்டபத்தின் தலைசிறந்த அணி எது? பவளமன்று, முத்தன்று, ஒரு பெண்ணின் கேள்வியும் அதற்குக் கிடைத்த விடையுமே.

கொடி மாறியபின்

1947 ஆகஸ்டு 15 அன்று தில்லி மாளிகையின் தர்பார் மண்டபத்தில் விடுதலை இந்தியாவின் அமைச்சர்கள் உறுதிமொழி ஏற்றனர். பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட விடாமல் தடுக்கப்பட்ட அம்பேத்கர், நாட்டின் சட்ட அமைச்சரானார். அந்நாட்களில், அம்மாளிகையை மருத்துவமனை ஆக்கிவிடலாம் என்று காந்தியார் கருத்துரைத்தார். சிறையை அறக்கோட்டமாக்கச் சொன்ன மணிமேகலையின் குரல் அதில் கேட்கவில்லையா? அக்கருத்து நிறைவேறவில்லை.

1948-இல் இராசகோபாலாச்சாரியார் தலைமை ஆளுநராக அங்கே சென்றார். அவரோடு பலவற்றில் மாறுபடுவோரும் ஒப்பவேண்டிய செய்தி இது: வைசிராயின் பெரிய அறைகளில் அவர் தங்கவில்லை, விருந்தினர் பகுதியிலுள்ள சில அறைகளே போதும் என்றார். அவர் வகுத்த அம்முறையே இன்றளவும் தொடர்கிறது. வைசிராய் வாழ்ந்த பகுதியில் அயல்நாட்டு விருந்தினர் தங்குகின்றனர். நாட்டில் உணவுப் பஞ்சம் நிலவிய அந்நாளில், தோட்டத்தின் ஒரு பகுதியை உழுது தானியம் பயிரிடவும் செய்தார். பூவைக் காத்த மண் சோற்றுக்கு உதவிற்று.

1950 சனவரி 26 முதல் அது குடியரசுத் தலைவர் மாளிகை. தர்பார் மண்டபத்தில் வைசிராயின் அரியணை இருந்த இடத்தில் தலைவரின் நாற்காலி. அதன் பின்னே, குப்தர் காலத்தைச் சேர்ந்த 5-ஆம் நூற்றாண்டுப் புத்தர் சிலை. அரச வாழ்வைத் துறந்து அரண்மனையைவிட்டு வெளியேறியவரின் உருவம் அரண்மனையின் நடுவே நிற்கிறது! தஞ்சைச் சீமையின் இராசாமடத்தில் பிறந்த வெங்கட்ராமன் 1987 முதல் 1992 வரையிலும், ஒடுக்கப்பட்டோர் குடியிற் பிறந்த கே. ஆர். நாராயணன் 1997 முதல் 2002 வரையிலும், இராமேசுவரத்தின் அப்துல் கலாம் 2002 முதல் 2007 வரையிலும் அங்கே வாழ்ந்தனர். 2022-இல் பழங்குடியிற் பிறந்த திரௌபதி முர்மு அங்கே சென்றார். எந்த மன்னன் மகனும் அல்லாதார் வாக்குச்சீட்டால் அவ்வில்லத்துள் நுழைந்தனர். கல்மணியைச் செதுக்கியோர் கனவிலும் காணாதது இது. இதன் பெருமையை நாம் குறைத்துப் பேசோம்.

பெயர்களும் மாறின. 2023-இல் முகலாயத் தோட்டம் ‘அமிர்த உத்யான்’ ஆயிற்று. 2024-இல் தர்பார் மண்டபம் ‘கணதந்திர மண்டபம்’ ஆயிற்று. பல மொழி பேசும் நாட்டின் தலைவர் இல்லத்துக்குப் பெயரிட ஒரு மொழியின் கருவூலந்தான் திறக்கும் போலும்! அதை விடுவோம். பெயர்ப்பலகையை மாற்ற ஒரு நாள் போதும். பழக்கத்தை மாற்ற?

மாளிகையின் வாயிலில் குதிரைமீது ஒளிரும் மெய்க்காவற்படையைப் பாருங்கள். 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அமைத்த படை அது. காவலர் மாறும் அணிவகுப்பைக் காண மக்கள் திரள்கின்றனர். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அப்படைக்கு இந்து ஜாட்டுகள், இந்து இராசபுத்திரர், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று பிரிவினரிலிருந்தே ஆளெடுக்கப்படுவதை, 2013-இல் உச்சநீதிமன்றத்தில் வந்த ஒரு பொதுநல வழக்கில் படைத்துறையே ஒப்புக்கொண்டது. பணித்தேவை என்பது அது கூறிய விளக்கம். உள்ளே நாற்காலியில் ஒடுக்கப்பட்டோர் குடியிற் பிறந்தவர் அமரலாம். வாயிலிற் குதிரையேறி நிற்க மட்டும் குலம் பார்க்கப்படும்! அரசியல் சட்டத்தைக் காக்க உறுதி பூண்டவரின் வாயிலில் அச்சட்டத்தின் சமத்துவம் வெளியே நிற்கலாமா?

இன்றைய கயிறு

இன்று அம்மாளிகைக்கு ஒரு கடைமணி உண்டு. அரசியல் சட்டத்தின் 72-ஆம் பிரிவு அது. தூக்குத் தண்டனை பெற்றவன் கடைசியாக இழுக்கக்கூடிய கயிறு அது ஒன்றே. முடிவெடுப்பவர் தலைவர் எனினும், அமைச்சரவையின் அறிவுரைப்படியே அவர் முடிவெடுக்கிறார். எனவே கயிற்றின் மறுமுனை அமைச்சகத்தின் கோப்புக்குள் கிடக்கிறது.

இராசீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற மூவர் 2000-இல் அக்கயிற்றை இழுத்தனர். விடை வந்தது 2011-இல்! பதினோராண்டுக் காலம் மூன்று மனிதர், விடியும் ஒவ்வொரு நாளும் தம் கடைசி நாளோ என்று எண்ணிச் சிறையில் கிடந்தனர். வந்த விடையும், மறுப்பு. 2014 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அந்தத் தாமதத்தையே காரணமாகக் காட்டி, தூக்கை வாழ்நாள் தண்டனையாகக் குறைத்தது. அதற்கு முந்திய மாதம், வேறு 15 பேருக்கும் அந்நீதிமன்றம் அவ்வாறே தண்டனையைக் குறைத்திருந்தது. அவர்களது குற்றத்தின் தன்மை பற்றி நாம் இங்கே வழக்காடவில்லை. கொல்லப்பட்டோர் குடும்பங்களின் துயரையும் மறக்கவில்லை. நாம் கேட்பது ஒன்றே: மணி ஒலித்தால் உரிய காலத்தில் விடை வரவேண்டாமா? ஆம் என்றோ, இல்லை என்றோ சொல்ல ஒரு மாளிகைக்கு ஏன் பதினோராண்டு? ஒலித்தும் கேளாத மணிக்கும், ஒலிக்கவே ஒலிக்காத கல்மணிக்கும் வேறுபாடு என்ன?

2014-இலும் 2016-இலும் இரு கட்டங்களாக அம்மாளிகையின் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நம் இளைஞர் தில்லி சென்றால் அவசியம் பார்க்க வேண்டும். பூம்புகாரில் 1973-இல் தமிழ்நாடு அரசு எழுப்பிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் பார்க்க வேண்டும். ஆங்கே கண்ணகி கதை கல்லிலே விரிகிறது. தில்லியில் கவிகையை அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாது, தூணின் தலையில் தொங்கும் கல்மணியையும் உற்றுப் பாருங்கள். பூம்புகாரில் சிற்பத்தின் அழகை வியப்பதோடு நில்லாது, நீதி கேட்டு அரண்மனைக்குள் நுழைந்தவள் இவள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கலை வேண்டாம் என்பார் இருக்கலாம். நாம் அக்கட்சியினர் அல்லேம். கவிகை நிற்கட்டும், கொத்தனின் கைத்திறன் வாழட்டும், மலர்த்தோட்டம் மணக்கட்டும். அவை மக்களின் வரிப்பணம், மக்களின் உழைப்பு, மக்களின் சொத்து. ஆனால் குடியரசின் மாளிகையில் கடைமணியின் கயிறு, கடைக்கோடி மனிதனின் கைக்கு எட்டும்படி தாழ்ந்திருக்க வேண்டும். வாயிற்காவலுக்குக் குலம் கேட்கும் வழக்கம் ஒழிய வேண்டும். விடைக்கு நாள் குறிக்க வேண்டும். இவற்றைக் கேட்க நமக்கு அரச ஆணை தேவையில்லை. எழுதுகோலும் வாக்குச்சீட்டும் போதும்.

சோழன் மாளிகை கடலோடு போயிற்று. அதன் மாடம் எத்தனை நிலை என்று இன்று எவரும் அளக்க முடியாது. ஆனால் அதன் வாயிலில் ஒரு மணி இருந்தது என்பதைத் தமிழன் இன்னும் மறக்கவில்லை.